நோய்க் காலத்தில் பணிக்கு அழைப்பது அறமா?

நீரை வடிகட்டிப் பருகுவதும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதும் நம் இல்லங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கங்கள். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்க்கும் நம்மால் ஊறு நேரக் கூடாது என்னும் அருள் நோக்கமே அவற்றின் அடிப்படை. இத்துணை நுட்பமாக அறத்தைப் போற்றும் நாம், நமக்காக உழைக்கும் மனிதனின் உயிரைப் பற்றியும் அதே நுட்பத்தோடு எண்ணுகின்றோமா? 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பரவிய கொரோனா பெருந்தொற்று இவ்வினாவை நம் அனைவர் முன்னும் நிறுத்தியது. நோய் தணிந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன; வினாவுக்கு நாம் இன்னும் விடை கூறவில்லை.

வினா இதுதான். தொற்று நோய் பரவியிருக்கும் காலத்தில், ‘பணியிடத்திற்கு வந்தே தீர வேண்டும்’ என்று ஒரு முதலாளி தம் பணியாளருக்குக் கட்டளையிடுகின்றார். பணியாளர் வருகின்றார், நோய் பற்றிக்கொள்கின்றது. அத்துன்பத்தில் முதலாளிக்குப் பங்கு உண்டா?

நம் மாநிலத்திலேயே இவ்வினா நீதிமன்றம் வரை சென்றது. 2021 மே மாதத்தில் தமிழகத்தில் இரண்டாம் அலை உச்சத்தை எட்டியது. ஒரே நாளில் புதிதாக நோய் கண்டறியப்பட்டோர் தொகை 36,000-ஐக் கடந்தது. மாநிலம் ஊரடங்கில் இருந்தபோதும், கார் தொழிற்சாலைகள் சில விலக்குப் பெற்று இயங்கின. ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் தொழிற்சாலையின் தொழிலாளர் சங்கம், உள்ளே போதிய இடைவெளி கடைப்பிடிக்கப்படவில்லை என்று கூறிச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. விதிகளைப் பின்பற்றியே வருகின்றோம், நிறைவேற்ற வேண்டிய ஆர்டர்கள் நிலுவையில் உள்ளன என்பது நிறுவனத்தின் மறுமொழி. தொழிலாளர் வேலைநிறுத்தம் அறிவித்த நிலையில், மே 26 முதல் 30 வரை அத்தொழிற்சாலை மூடப்பட்டது. திருப்பெரும்புதூரை அடுத்துள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலும் தொழிலாளர் சிலர் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். மே 25 முதல் 29 வரை அங்கும் உற்பத்தி நின்றது.

இதில் எத்தரப்பு சட்டப்படி சரி என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. ஆனால் அங்குள்ள வேலையின் இயல்பை அறிதல் வேண்டும். கார்கள் ஒரு தொடர்வரிசையில் நகர்ந்து கொண்டே இருக்கும். ஒவ்வொருவரும் குறித்த நொடிகளுக்குள் தம் பணியை முடித்தாக வேண்டும். இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையாயின் இருவரும் அருகருகே நின்றே தீர வேண்டும். வரிசையின் வேகத்தைக் குறைத்தாலன்றி, இடையிடையே வண்டியில்லாத இடம் விட்டாலன்றி, விலகி நிற்றல் இயலாது. அந்த வேகமோ தொழிலாளியின் கையில் இல்லை. ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று சுவரில் எழுதி வைப்பவரும், வேகத்தை நிர்ணயிப்பவரும் ஒரே நிருவாகத்தார் ஆவர்.

முதலாளியின் சார்பில் மூன்று காரணங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, ‘யாருக்கும் தீங்கு செய்யும் எண்ணம் எனக்கு இல்லை’ என்பது. உண்மைதான், இது சங்கல்ப ஹிம்சை அன்று. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் வேண்டுமென்றே செய்யும் கொலையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிர்க்கு நேரும் ஊறு ஹிம்சை என்கின்றது. எண்ணம் தூய்மையாக இருப்பது மட்டும் போதாது. விழிப்பும் இருத்தல் வேண்டும். சன்னல்கள் திறந்துள்ளனவா, பணியாளரை ஏற்றிவரும் பேருந்தில் நெரிசல் உண்டா, உணவுக்கூடத்தில் முகக்கவசம் கழற்றி எத்தனை பேர் நெருங்கி அமர்கின்றனர் என்று பாராதவர், தீய எண்ணம் இல்லாதவராக இருக்கலாம், விழிப்புடையவர் ஆகார்.

இரண்டாவது, ‘நான் எவரையும் இழுத்து வரவில்லை, அவரே ஒப்பி வந்தார்’ என்பது. வேலை போனால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவரின் ஒப்புதல் எத்தகையது? இதனை உலகம் முன்பே உணர்ந்திருந்தது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து உண்டு என்று தக்க காரணத்துடன் நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டித்தல் ஆகாது என்று, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கை தன் 13-ஆம் விதியில் கூறிற்று. மறுக்க உரிமை உள்ளவரது ஒப்புதலே ஒப்புதல் எனப்படும். மேலும் தொற்று நோயில் ஒப்புதல் தந்தவரோடு ஆபத்து நிற்பதில்லை. அவர் வீட்டில் இருக்கும் முதிய தாயும், நோயுற்ற தந்தையும், கருவுற்ற மனைவியும் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை. அவர்கள் ஊதியமும் பெறவில்லை. ஆபத்தை மட்டும் பெறுகின்றனர்.

மூன்றாவது காரணம் வலிமையானது. ‘தொழில் நின்றால் அனைவர்க்கும் பட்டினி’ என்பது அது. இதனை எளிதில் தள்ளிவிடுதல் அறமாகாது. 2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, வேலையிழந்தோர் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தே ஊர் திரும்பியதைக் கண்டோம். கதவடைப்பும் ஓர் ஊறே. ஊதியத்தைப் பிடித்தமின்றி வழங்குமாறு மார்ச் 29-இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணையும் மே 18 முதல் நீங்கிற்று. பின்னர் ஜூன் 12-இல் உச்சநீதிமன்றம், இரு தரப்பாரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வழி கூறியது. சிறு தொழில் நடத்துவோர் பலர் கடன் வாங்கிக் கூலி கொடுத்ததையும் நாம் மறத்தலாகாது.

இங்கே நம் முன்னோர் வகுத்த நெறி வியக்கத்தக்கது. இல்லறத்தார் மேற்கொள்ளும் அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறுவர். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. ஏர் உழும் எருதையும் வண்டி இழுக்கும் மாட்டையும் எண்ணியே இவற்றை நாம் பெரும்பாலும் படித்து வந்துள்ளோம். இறுதி இரண்டையும் இன்றைய நிலையில் வைத்துப் பாருங்கள். தாங்க இயலாத ஆபத்தைப் பணியாளர்மேல் சுமத்துவது அளவுக்கு மீறிய பாரம். ‘வர அஞ்சினால் வராதே; கூலியும் இல்லை’ என்பது உணவைத் தடுத்தல். ஒரு குற்றத்திலிருந்து தப்ப மற்றொரு குற்றத்தில் விழுவதை நெறி ஏற்கவில்லை. இரண்டையும் ஒருங்கே விலக்க வேண்டும் என்கின்றது. ‘பாரமா, பட்டினியா, ஒன்றைத் தேர்ந்துகொள்’ என்று பணியாளரிடம் கூறிவிட்டுக் கைகழுவுதல் முதலாளிக்கு எளிது, அணுவிரதிக்கு ஆகாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? தொழிலால் நேரும் ஊறு முழுவதையும் இல்லறத்தார் தவிர்க்க இயலாது என்பதை உணர்ந்தே, உத்யோக ஹிம்சை என்று தனியே ஒரு வகையைப் பிரித்தனர். ஆனால் அது அனுமதிச் சீட்டு அன்று. இயன்றவரை குறைக்கும் கடமையோடு கூடியது. ஆகவே அழைக்குமுன் முதலாளி தம்மைத் தாமே சில வினாக்கள் கேட்டல் தகும். இப்பணி இப்பொழுதே, இவ்விடத்திலேயே நடந்தாக வேண்டுமா? மருத்துவமனையும் மின்நிலையமும் நிற்றல் கூடாது. கணினிமுன் அமர்ந்து வீட்டிலிருந்தே முடிக்கத்தக்க கணக்கு வேலைக்கு, ‘கண்முன் இருந்தால்தான் வேலை செய்வார்’ என்னும் ஐயம் ஒன்றே காரணமாயின், அந்த ஐயத்திற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா? ஆபத்தைக் குறைக்க நான் செலவிட்டது என்ன? வலுவற்ற உடலினர்க்கு விலக்களித்தேனா? நோயுற்றவர்க்கு ஊதியத்துடன் விடுப்பு உண்டா? இறுதியாக, அவர் நிற்கும் இடத்தில், அத்தனை மணி நேரம், நானோ என் மகனோ நிற்போமா?

இவ்வளவும் முதலாளிகளைப் பற்றியதே என்று மற்றையோர் ஆறுதல் அடைதல் வேண்டா. செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்று வழியாலும் வினை வந்து பொருந்தும் என்பது நாம் அறிந்ததே. தொழிற்சாலை ஓடியது ஆர்டர் இருந்ததனால். ஆர்டர் இருந்தது, பணம் கட்டிவிட்டு ‘வண்டி எப்போது வரும்’ என்று கேட்டவர்கள் இருந்ததனால். வீட்டுக்குள் பாதுகாப்பாக அமர்ந்து, வேண்டிய பொருளையெல்லாம் வாயிலுக்கு வரவழைத்த நாமும் அம்மூன்றாம் வகையில் அடங்குவோம். சிறிது பொறுத்திருக்கலாம் என்று எண்ணியவர் நம்மில் எத்துணைப் பேர்?

நம் குடும்பங்களில் நிலம் வைத்து ஆள் வைப்போரும் உளர். கடை நடத்துவோரும் உளர். பிறர்கீழ்ப் பணிபுரிவோரும் உளர். அடுத்த தொற்று எப்பொழுது வரும் என்று கூற இயலாது. வரும்போது அச்சமும் அவசரமும் நம்மைச் சூழும். அந்நேரத்தில் அறத்தை ஆராய ஓய்வு இராது. ஆகவே அமைதியான இந்நாளிலேயே, நம்மிடம் பணிபுரியும் ஒருவரையாவது மனத்தில் நிறுத்தி, ‘இவர்மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம், இவர் வராத நாளில் இவர் வீட்டு அடுப்பு எவ்வாறு எரியும்’ என்று எண்ணி, அதற்கென ஒரு சிறு தொகையேனும் ஒதுக்கி வைப்போமாக. நீரை வடிகட்டும் கைகளுக்கு அது இயலாத செயலன்று.