வேடிக்கைக்கும் தடை வேண்டும்

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை நாமக்கல், சேலம் லாரி ஓட்டுநர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே போகும் அந்தச் சாலையில் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் சாகின்றன. அதனால் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. மைசூர்ப் பக்கம் போகும் சரக்கு லாரி விடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது சுற்றிப் போக வேண்டும். டீசலும் நேரமும் லாரிக்காரர் கணக்கில்தான் சேரும். ஆனாலும் அது நியாயமான தடை.

இதே ஊர்களிலிருந்து விடுமுறைக்கு வேன் பிடித்து மசினகுடிக்கும் முதுமலைக்கும் விலங்கு பார்க்கப் போகிறோம். வசதி உள்ளவர்கள் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி வரை போகிறார்கள். பிழைப்புக்காகப் போகிறவரையே காட்டின் பொருட்டு நிறுத்தலாம் என்றால், வேடிக்கை பார்க்கப் போகிறவர் அதைவிடக் கடுமையான கட்டுப்பாட்டை ஏற்கத்தானே வேண்டும்?

கண்ணால் பார்த்தால்தான் காட்டின் மேல் அக்கறை பிறக்கும், கட்டணம் காவலுக்கு உதவும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை நிறுத்திய உச்ச நீதிமன்றம், அக்டோபரில் வரம்புகளுடன் அதை மீண்டும் அனுமதித்தது. முதுமலையின் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏறி, குறித்த பாதையில் போய்த் திரும்புவதில் தவறில்லை.

தவறு, அதற்கு மேலும் கேட்பதில் இருக்கிறது. கூடுதல் காசு கொடுத்து இரவில் ஜீப் ஏறுவதும், யானைக்குப் பக்கத்தில் போகச் சொல்லி நச்சரிப்பதும், யானை வழித்தடத்தில் கட்டிய விடுதியில் தங்குவதும் அந்த வகை. மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தைக் காக்கும் அரசாணையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். காதும் தலையும் வெந்து அது செத்தது. வீசியவர்கள் மேல் வழக்கு வந்தது. அங்கே விடுதி நடக்கக் காரணம், காசு கொடுத்துத் தங்க ஆள் இருந்ததுதான். அந்தப் பங்கை எந்த வழக்கும் தொடாது.

மனிதருக்கும் இதில் இழப்பு உண்டு. செரங்கெட்டியை விலங்குகளுக்கென்று ஒதுக்கியபோது, அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்களை 1959இல் வெளியேற்றினார்கள். குடியிருந்தவருக்கு மறுத்த இடத்தை வந்து போகிறவருக்குத் திறந்துவிட்டதை எளிதில் ஏற்க முடியவில்லை.

காட்டுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் வனத்துறை வண்டிக்கு மட்டும் சீட்டு வாங்குங்கள். அறை பிடிக்கும் முன் அந்த இடம் யானை வழித்தடமா என்று கேளுங்கள். இரவுச் சவாரிக்குக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். புலி தென்படவில்லை என்று ஓட்டுநரிடம் சண்டை பிடிக்காதீர்கள்.