எங்கேயானாலும் சரி

காவிரி இரு கையாகப் பிரிந்து அணைத்து நிற்கும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூரில் இரயிலேறி அமர்ந்து, ஆர அமரப் பேசத் தொடங்குமுன் வந்துவிடும் ஊர். தொலைவு பதினைந்து கிலோமீட்டர் அளவே. இவ்வாற்றின் ஆதிரங்கம் இது. இடையே சிவசமுத்திரத்தில் மத்தியரங்கம். நம் நாட்டுத் திருவரங்கமோ அந்தியரங்கம். பிழைப்பு நாடி ஆற்றுக்கு எதிர்முகமாய் மேலேறி வந்த நம்மவர்க்கு இவ்வூரின்மேல் ஒரு தனிப்பற்று உண்டு. ஊர் வேறானாலும் ஆறு ஒன்றுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள ஏதுவான இடம் அன்றோ! எங்கள் குடும்பத்திற்கு ஒரு வீடு தேட நேர்ந்தபோது, எங்கள் நெஞ்சம் முதலில் நாடியதும் இத்தீவையே.

மைசூரில் வாடகை வீடொன்றில் நாற்பதாண்டுகள் கழித்துவிட்டோம். எழுபத்தெட்டு வயது அன்னையார், உடன்பிறந்தார் நாங்கள் இருவர், எங்கள் மனைவியர், பிள்ளைகள் நால்வர் என ஒன்பதின்மர். சென்ற தை மாதம் மூத்தவனுக்குச் சேலத்தில் பெண்ணெடுத்ததில் பதின்மரானோம். வருகின்ற ஐப்பசியில் பதினொன்றாவது உயிரையும் எதிர்நோக்கியுள்ளோம். ஒரு கூரையின் கீழ் நான்கு தலைமுறை வாழப்போகிறது என்றால் பெருமைதான். ஆனால் காலையில் குளியலறை வாயிலில் நிற்கும் வரிசை அப்பெருமையைச் சற்றே குறைத்துவிடுகிறது.

கோட்டைக்குள் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. தெருத் திண்ணை, நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம். கன்னடத்தார் தொட்டி மனை என்று வழங்குவது இதனையே. கோயிலும் படித்துறையும் நடந்து செல்லும் தொலைவு. கும்பகோணத்துப் பக்கம் நாங்கள் விட்டுவந்த வீட்டை யாரோ பெயர்த்துக் கொணர்ந்து இங்கு வைத்துவிட்டாற்போன்று இருந்தது. “அம்மாவுக்காகவே அமைந்த வீடு” என்றார் தம்பி. நாங்களும் அவ்வாறே எண்ணினோம். அன்னையாரிடம் சொன்னபோது அவர் விடுத்த மறுமொழி ஒன்றே: “எனக்கென்னப்பா, எங்கேயானாலும் சரி.”

அவ்வீடு கைகூடாமற் போனதற்கு முதற்காரணம் சட்டம். இத்தீவெங்கும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, அத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பலாகாது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எழுப்புதல் வேண்டும். அவ்வீடு முதல் எல்லைக்குள் அடங்கியது. பழுது பார்க்கலாம், அதற்கும் இசைவு பெறவேண்டும். மேலே ஒரு மாடி எடுக்க வழியில்லை. குடும்பம் வளரும், வீடு வளராது. பழமையைக் காக்கும் அச்சட்டத்தை நாம் குறை கூறோம். திரும்பி வரும் வழியில் எங்களை உறுத்தியது வேறொன்று. அன்னையாருக்காகவே அமைந்தது என்று நாங்கள் உறுதிகொண்ட அவ்வீட்டை அன்னையார் கண்ணால் கண்டதேயில்லை!

பலர் கூடி வாழும் இல்லத்தைத் தேரும் உரிமை எவருக்குரியது? பொருள் கொடுப்பவருக்கே என்பது உலக வழக்கு. கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டு, இருபதாண்டு தவணை கட்டுபவர் சொல்லுக்கு எடையுண்டு, மறுப்பதற்கில்லை. நெடுங்காலம் வாழப்போகிறவருக்கே என்று கொண்டால், இன்னும் பிறவாத அக்குழந்தைதான் தேர்ந்தாக வேண்டும். நாளில் மிகுதியான நாழிகையை அவ்வீட்டினுள் கழிப்பவருக்கே என்று ஒரு கணக்குண்டு. நம் இல்லங்களில் எவரும் போட்டுப் பாராத கணக்கு அது. எழுவோம், வெளியே செல்வோம், மாலையில் மீள்வோம். நமக்கு வீடென்பது உறங்குமிடம். அடுக்களையில் நிற்பவருக்கும், கட்டிலிலிருந்து வாயில்வரை நடப்பதே ஒரு பயணமாகிவிட்ட முதியவருக்கும் அதுவே உலகம். அவ்வுலகின் சாளரம் எத்திசை நோக்க வேண்டும் என்பதை, பகலெல்லாம் அங்கில்லாத நாம் தீர்மானிக்கிறோம்.

இத்தீவின் வரலாற்றிலேயே இதற்கொப்பான செய்தி உண்டு. 1610-இல் இராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்டு, மைசூரிலிருந்த தம் இருக்கையை இங்கு மாற்றினார். 1799 மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் இக்கோட்டையில் போரிட்டு வீழ்ந்தபின், இரு பெருங்குடும்பங்கள் இத்தீவை விட்டகன்றன. சுல்தானின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். 1806-இல் அங்கு சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் அவர்தம் புதல்வர் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மற்றொன்று உடையார் குடும்பம். ஐந்து வயது நிரம்பவிருந்த மூன்றாம் கிருஷ்ணராஜரும், பாட்டி முறையான அரசி லட்சுமி அம்மணியும் மைசூருக்குத் திரும்பினர். அங்கோ பழைய அரண்மனை இடிக்கப்பட்டிருந்தது. 1799 ஜூன் 30-ஆம் நாள் அச்சிறுவருக்கு முடிசூட்டியது ஒரு பந்தலில்! இழந்த அரசை மீட்க ஆங்கிலேயரோடு பல்லாண்டுகள் பேசிய பேராற்றல் வாய்ந்த மூதாட்டி அவர். ஆயினும் தீவைக் கும்பினியார் தமக்கென நிறுத்திக்கொண்டமையால், எவ்விடத்தில் வாழ்வது என்பதில் அவர் தேர்ந்துகொள்ள அதிகம் இருந்திருக்க முடியாது. தோற்ற குடும்பத்திற்கும் வென்றார் பக்கம் நின்ற குடும்பத்திற்கும் இருப்பிடத்தைப் பிறரே வகுத்தனர்.

அது போர்க்காலம். நம் இல்லங்களில் போருமில்லை, கும்பினியுமில்லை, அன்புதான் உள்ளது. அவ்வன்பே கேளாமல் தீர்மானித்துவிடுகிறது என்பதுதான் விந்தை. முதியவர் என்றால் கோயில் வேண்டும், ஆறு வேண்டும், அமைதி வேண்டும் என்று நாமே எழுதி, நாமே படித்துக்கொள்கிறோம். “எங்கேயானாலும் சரி” என்னும் சொல் இசைவன்று. பிள்ளைகளின் பணமும் வசதியும் அறிந்த ஒருவர், தம்மால் எவர்க்கும் இடர் வேண்டாமென்று ஒதுங்கி நிற்கும் பண்பு அது. முதியோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உணவு, உடை, மருத்துவத்தோடு உறைவிடத்தையும் பிள்ளைகளின் கடமையாக்கியது. எவ்வுறைவிடம் என்று கேட்டறிவதை எச்சட்டமும் கடமையாக்க இயலாது.

பதின்மரையும் கேட்டால் எவ்வீடுதான் அமையும் என்று தம்பி வினவினார். நேர்மையான கேள்வி. ஒருவருக்குப் பள்ளி அருகில் வேண்டும், ஒருவருக்குப் பேருந்து. அனைவர் விருப்பமும் ஒரு மனையில் பொருந்தாது. கேட்பதென்றால் ஒவ்வொருவர் கையிலும் முடிவை ஒப்படைப்பதன்று. எவர் எதனை இழக்கப்போகிறார் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது. தெரிந்து ஒருவர் தலையில் ஏற்றிய சுமைக்கு நாம் பின்னர் ஈடு செய்ய முயல்வோம். தெரியாமல் ஏற்றியதை அவர் சுமப்பதே நம் கண்ணில் படாது.

2017-இல் இவ்வூரில் ஒரு வேலை நடந்தது. இருப்புப்பாதையை இரட்டிக்கும் பணிக்கு இடையூறாக நின்ற திப்பு காலத்து ஆயுதக்கிடங்கொன்றை, இடிக்காமல், அடியோடு தூக்கி நூறு மீட்டருக்கும் மேலாக நகர்த்தி வைத்தனர். எங்கே விரிசல் விழும், எப்பக்கம் பாரம் சாயும் என்று பொறியாளர் அளந்து பார்த்த பின்னரே அது நகர்ந்தது. ஒரு கிடங்குக்கு அத்தனை கவனம்! அன்னையாரை ஊர்விட்டு ஊர் கொணர்ந்தபோது நாங்கள் அளந்தது சாமான் வண்டியின் வாடகையை மட்டுமே.

கைநழுவிய வீடேயானாலும் ஒருமுறை காட்டிவிடுவோமென்று, ஒரு காலைப்பொழுதில் அன்னையாரை அங்கு அழைத்துச் சென்றோம். திண்ணையில் அமர்வார், முற்றத்தைக் கண்டு மகிழ்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ நேரே அடுக்களைக்குள் சென்றார். புகை படிந்த சுவர், கையகலச் சாளரம், பகலிலும் இருள். சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

“இதே மாதிரி அடுப்படியில முப்பது வருஷம் கெடந்தேன். அந்தச் சேலத்துப் பொண்ணையும் இதுலே கொண்டுவந்து தள்ளாதீங்க. ரங்கனைப் பார்க்க மாசம் ஒருதரம் ரயிலேறி வந்துக்கலாம்; அடுப்படியை மூணு வேளையும் பார்த்தாகணுமே.”

கும்பகோணத்து வீட்டை நினைந்து நினைந்து உருகியவர்கள் நாங்கள் பிள்ளைகள்தாம். அவர் அதனை ஒருநாளும் புகழ்ந்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் வாய் திறந்தபின்தான் என் மனைவியும் தமக்கு அவ்வீடு முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், “நீங்கள் கேட்கவில்லையே!” என்றார்.

இப்பொழுது மைசூரிலேயே தேடுகிறோம். கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த அறை ஒன்று அன்னையாருக்கு வேண்டுமாம். கோயிலைவிடப் போவோர் வருவோர் முகம் தெரிவது அவருக்கு இன்றியமையாதது. அதையும் இப்போதுதான் அறிந்தோம். சென்ற ஞாயிறன்று கண்ட வீட்டில் அவர் அடுக்களைச் சாளரத்தைத் தாமே திறந்தார். பேரனின் மனைவியை அருகழைத்து, அடுப்பு வரப்போகும் இடத்தில் நிற்கச் சொல்லி, “காத்து வருதா பாரம்மா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். விலை இன்னும் படியவில்லை.