வராத அழைப்பு



சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்ததென்று எண்ணிக் கை வைத்துப் பார்க்கிறீர்கள். அழைப்புமில்லை, செய்தியுமில்லை. சில வேளைகளில் போனே வீட்டு அலமாரியில் கிடக்கும், பையோ காலி! இது சித்தப் பிரமையோ என்று அஞ்ச வேண்டாம். தைவான் நாட்டில் 74 பயிற்சி வைத்தியர்களை ஓராண்டு தொடர்ந்து விசாரித்து, அதன் முடிவை 2013-ல் வெளியிட்டார்கள். பயிற்சி தொடங்குமுன்பே நூற்றுக்கு 78 பேருக்கு இவ்வனுபவம் இருந்தது. மூன்றாம் மாதத்தில் 95-ஐத் தாண்டிற்று. பயிற்சி முடிந்த இரண்டே வாரத்தில் 50 ஆயிற்று. பாரம் இறங்கவே பிரமையும் இறங்கிற்று என்பதைக் கவனியுங்கள்.

காரணம் என்ன? பழவேற்காட்டில் தூண்டில் போடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். நரம்பை விரலில் சுற்றிக் காத்திருக்கையில், நீரோட்டம் இழுத்தாலும் மீன் கடித்ததாகவே தோன்றும். பத்து முறை ஏமாறலாம், ஒரு மீனை விட்டுவிடக் கூடாது என்பது விரலின் கணக்கு. துணியின் உரசலையும் தசையின் துடிப்பையும் நம் சரீரம் அழைப்பென்று கொள்வது அதே கணக்கினால்தான்.

ஆனால் அந்தக் காவல் யாருக்காக? காற்று மாறிய இரவில், கடலுக்குப் போன மகனின் குரலை எதிர்பார்த்துப் போனை மடியில் வைத்திருக்கிறாள் ஒரு தாய். இல்லாத மணி அவளுக்குப் பத்து முறை கேட்கும். 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட கரையல்லவா இது! அவளைப் பார்த்து வியாதி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும் வாலிபனுடைய பையும் அப்படியே அதிர்கிறது. அவன் காத்திருப்பது எதற்கு? கடைக்காரனின் தள்ளுபடிச் செய்திக்கும், எவனோ அனுப்பும் வேடிக்கைப் படத்திற்கும். தாய் மகனுக்குக் கொடுக்கிற காவலை இவன் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டான். விரல் பாவம், அதற்கு வித்தியாசம் தெரியாது, பழக்கியவர்கள் நாம். இதனால் நஷ்டப்படுகிறவர் வேறொருவர். வீட்டில் தகப்பனார் தம் கடன் தொல்லையைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். நம் கை பைக்குப் போகிறது. அவர் பாதியில் நிறுத்தி, "ஒன்றுமில்லை, அப்புறம் பேசலாம்" என்கிறார். அந்த அப்புறம் எப்போது வரும்?

யாருடைய அழைப்புக்கு மாத்திரம் மணியடிக்க வேண்டுமென்று போனிலேயே நிர்ணயிக்கலாம். வழி தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் செய்து தருவார்கள். கடலோரத்தார் புயல் எச்சரிக்கையை மட்டும் அணைத்துவிட வேண்டாம்.