போர் வளர்த்த தொழில்

போர் நாட்டை அழிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், போர் தொழிலை வளர்க்கும் என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. முதல் உலகப் போரில் மணல் மூட்டைகளுக்கு எழுந்த தேவையால் கல்கத்தாச் சணல் ஆலைகள் பெரும் இலாபம் ஈட்டின. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1940 டிசம்பரில், வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியால் பெங்களூரில் வானூர்தித் தொழிற்சாலை தோன்றிற்று.

ஆயின், வளர்ச்சி யாருக்கு என்று வினவுதல் நம் கடமையன்றோ? நெசவாலைகள் இரவும் பகலும் ஓடிய காலத்திலேயே துணி விலை ஏழைக்கு எட்டாமற் போயிற்று. 1943இல் அரசு கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. அதே ஆண்டில் வங்கத்தில் பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டனர். அவர்களுள் உழவுக் கூலிகளும் மீனவரும் கைவினைஞருமே மிகுதி. உழைப்பவனுக்குக் கூலி படியேறி வருகிறது. விலையோ பறந்து செல்கிறது.

உயிரிழப்பும் போர்க்களத்தோடு நின்றுவிடுவதில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றி வந்தமை போர்க்கால அவசரத்தின் விளைவு. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், தீயணைப்புப் படையினர் மட்டும் 66 பேர். மூட்டை சுமந்தவன் போரை அறிவிக்கவில்லை. வெற்றியில் அவனுக்குப் பங்கும் இல்லை.

விடுதலையைக் காக்கப் போரிடுவது சில வேளைகளில் தவிர்க்க இயலாததாகலாம். அப்போதும் அதன் சுமையை யார் சுமப்பது என்னும் அறக் கேள்வி மறைந்துவிடாது. போர் முடிந்ததும் தேவை குறையும். ஆலை வாயில் அடைபடும். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நமக்கு, அடைபட்ட வாயிலின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

பெங்களூர்த் தொழிற்சாலை போருக்குப் பின் இரயில் பெட்டிகளையும் செய்தது. அதனை வாழவைத்தது போரன்று. தொழிலாளியின் கைத்திறனும், அத்திறனுக்கு அமைதிக் காலத்தில் வேலை தந்த திட்டமுமேயாம். எனவே, போரைத் தொழிலின் தாய் என்று புகழ்தல் பொருந்தாது. களத்தில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்டது நம் மரபு. தொழிற்களத்தில் வீழ்ந்தவனுக்கு நாடு செலுத்த வேண்டிய கடன் கல்லன்று. அவன் குடும்பத்திற்குச் சோறும், அவன் தோழர்க்கு நிலையான வேலையுமே அக்கடன்.