கூலிக்கு அழுதவள்

கம்மாபுரத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். முன்னின்று பாடிய அம்மாள் உறவல்ல, காசுக்கு வந்தவள். 'கூலிக்கு மாரடிப்பது' என்று ஏளனமாகச் சொல்கிறோமே, அதுதான். ஆனால் குரல் பொய்யாகப் படவில்லை. காது கொடுத்துக் கேட்டேன். செத்தவரைப் பற்றித் தொடங்கியவள், நாலைந்து அடிகளுக்குள் தன்னைக் கைவிட்ட அண்ணன்மாரைப் பாட ஆரம்பித்துவிட்டாள்!

அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த கறுப்பு மக்களின் சந்ததியார் வளர்த்த 'புளூஸ்' எனக்கு நினைவு வந்தது. ஓர் அடியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாம் அடியில் விடை சொல்வது அதில் பெருவழக்கு. காந்தாரமும் நிஷாதமும் தம் இடத்தில் நில்லாமல் சற்றே தாழ்ந்து இழையும். இவள் குரலும் அப்படித்தான் சரிந்து சரிந்து இறங்கியது. 1920-ல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி புளூஸ்' இசைத்தட்டு அமோகமாக விற்றது. துக்கத்துக்கு விலை கிடைத்ததும் அது பொய்யாகிவிடுமா? பிறர் துயரத்தைக் கதையாக்கிச் சன்மானம் வாங்குகிற நான் இதற்கு என்ன பதில் சொல்ல?

பாடை புறப்பட்டது. அந்த அம்மாள் ரூபாயை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். முகம் கழுவத் தண்ணீர் கேட்டாள். கண்கள் அப்போதும் சிவந்தே இருந்தன.