காண்பவர் பங்கு

2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மரீனா விரிகுடாவை அடுத்த பேஃபிரண்ட் சாலையோரம் ஒரு பெருங்கூடாரம் எழுந்தது. கனடா நாட்டுச் சர்க் டு சொலே குழுவினர் 'கூசா' என்னும் காட்சியை நடத்த வந்திருந்தனர். மணமாகி முப்பது ஆண்டுகள் கடந்தபின், பிள்ளைகளை விட்டு நாங்கள் இருவர் மட்டும் ஒரு நாளை எங்களுக்கென வைத்துக்கொள்வோம் என்று நானும் என் துணைவியாரும் முடிவு செய்தோம். காலையில் சிராங்கூன் சாலையில் தோசை, நண்பகலில் ஆற்றோரம் நடை, மாலையில் சர்க்கஸ்.

அன்று கண்ட ஆட்டங்களுள் ஒன்றனை இங்கே சொல்லியாக வேண்டும். நெடிய சட்டமொன்றின் இரு முனைகளிலும் மனிதர் நிற்குமளவு பெரிய இரு வளையங்கள். சட்டம் காற்றாடிபோலச் சுழல, வளையத்துக்கு ஒருவராக இருவர் உள்ளே ஓடுகின்றனர். பிறகு வெளிப்புறத்தின்மேல் ஏறி ஓடுகின்றனர். அங்கேயே துள்ளிக் குதிக்கின்றனர். மரணச் சக்கரம் என்பது அதன் பெயர். என் கைகள் என்னைக் கேளாமலே தட்டின. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். துணைவியார் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

லிட்டில் இந்தியா நிலையத்திற்கு இரயிலில் திரும்பும்போது அவர் கேட்டார்: "அந்த இருவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆடியிருந்தால், நீங்கள் இப்படிக் கைதட்டியிருப்பீர்களா?"

மூன்று நிலையங்கள் கடந்தும் எனக்கு விடை வரவில்லை.

தமிழர்க்கு இக்காட்சி புதியதன்று. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், பெரும்பதுமனார் என்னும் புலவர் கயிற்றின்மேல் ஆடும் ஆரியக் கூத்தரைக் குறிப்பிடுகிறார். காற்றில் அலைப்புண்டு ஒலிக்கும் வாகை நெற்றின் ஓசைக்கு, அக்கூத்தரின் பறையோசை அங்கே உவமை. பாட்டின் பொருளோ வேறு. காலில் கழலணிந்த ஓர் இளைஞனும், சிலம்பு கழியாத ஓர் இளம்பெண்ணும் காட்டுவழியே செல்கின்றனர். எதிர்ப்பட்டோர் அவர்களைக் கண்டு பேசுகின்றனர். 'கண்டோர் கூற்று' என்று வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆயினும் ஒன்றை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கண்டோர் காட்சியைச் சுவைக்கவில்லை, இரங்குகின்றனர். முன்பின் அறியாத இருவர் இடரின் வழியே நடக்கையில், யாரோ பாவம் என்று அவர்கள் நெஞ்சு பதைக்கிறது. கயிற்றாட்டத்தின் பறை அப்பாட்டில் ஒலிப்பது உவமைக்காக மட்டுந்தானா? பெரும்பதுமனார் இதை எண்ணியே பாடினார் என நான் சாதிக்கவில்லை. படிப்பவர் எண்ணுவதற்குத் தடையுமில்லை.

விலங்குகளைப் பொறுத்தவரை உலகம் ஒருவாறு தெளிந்துவிட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டலாகாது என்று இந்திய அரசு விதித்த தடையை 2001ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸ்களில் காட்டு விலங்குகளை ஆடவைப்பதைச் சிங்கப்பூர் 2002 முதல் நிறுத்தியது. சர்க்கஸில் சிறுவர்களை வேலைக்கு அமர்த்தலாகாதென 2011இல் இந்திய உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. இவற்றின் அடியிலுள்ள நியாயம் ஒன்றே. புலி இசைவு தரவில்லை. குழந்தை தந்தாலும் அது இசைவாகாது.

அப்படியானால், வளர்ந்த மனிதன் மனமொப்பி ஏறினால் காண்பவருக்குப் பொறுப்பில்லையா? இல்லை என்பதே பலரும் கூறும் விடை. நானும் இரயிலில் அதைத்தான் கூற முயன்றேன். கலைஞன் ஆண்டுக்கணக்கில் பயின்றவன்; தன் எல்லையை அறிந்தவன்; ஊதியம் பெறுபவன். யாவும் உண்மை. ஆனால் துணைவியாரின் கேள்வி அவனைப் பற்றியதன்று, என்னைப் பற்றியது. நான் எதற்காகக் கைதட்டினேன்? திறமைக்கென்றால், கயிறு கட்டியிருந்தாலும் அத்திறமை குறையாது. விழக்கூடும் என்பதற்காகவென்றால், அவன் விழாதிருந்ததை மட்டுமன்றி, விழவிருந்ததையும் நான் விலைகொடுத்து வாங்கியிருக்கிறேன்.

கார்ல் வாலெண்டா என்னும் புகழ்பெற்ற கயிற்றாட்டக்காரர் 1978 மார்ச்சில், தம் 73ஆம் வயதில், போர்ட்டோ ரிக்கோவின் சான் வான் நகரில் இரு விடுதிக் கட்டடங்களுக்கிடையே கட்டிய கம்பியிலிருந்து காற்றில் தடுமாறி வீழ்ந்து இறந்தார். அவர் பழுதின்றி நடந்த நாள்கள் எத்தனையோ. மக்கள் தேடித்தேடிப் பார்ப்பது அந்த ஒரு நாளின் படத்தை.

நம் சிராங்கூன் சாலையிலேயே ஒருவர் வருத்தத்தைப் பலர் நின்று பார்க்கும் நாளொன்று உண்டு. தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து அலகுக் காவடிகள் புறப்படும்போது, சாலையின் இருமருங்கும் கூட்டம். ஆயினும் அங்கே ஒரு வேறுபாடு: பார்ப்பவர் ஒருவருமில்லாவிடினும் காவடி நடக்கும். காண்பவர் இல்லாத கூடாரத்தில் மரணச் சக்கரம் சுழலுமா?

கண்ணை மூடிக்கொண்டால் தப்பிவிடலாமா என்றால், அதுவும் எளிதன்று. அகஸ்டின் தம் வாழ்க்கை வரலாற்றில் அலிப்பியஸ் என்னும் நண்பரைப் பற்றிச் சொல்கிறார். உரோமில் சட்டம் பயில வந்த அவரை, வாட்போர் அரங்கிற்குத் தோழர்கள் வலிந்து இழுத்துச் சென்றனர். கண்ணை மூடி அமர்ந்திருந்தார். ஒரு பேராரவாரம் எழுந்தது; கண் திறந்தார்; அன்றுமுதல் மற்றவர்களை அழைத்துச் செல்பவராகவே மாறிப்போனார். காது திறந்திருந்ததால் வந்த வினை!

அரவிந்தன் 1978இல் எடுத்த 'தம்பு' என்னும் மலையாளப் படத்தில் வேறொரு வழி தெரிகிறது. திருநாவாயா ஆற்றங்கரையில் ஒரு சர்க்கஸ். காமிரா ஆட்டத்தை மட்டும் காட்டி நிற்காமல், பார்க்கும் ஊராரின் முகங்களை நோக்கித் திரும்புகிறது. வாய் பிளந்தவை, அஞ்சியவை, மகிழ்ந்தவை. அன்று அக்காமிரா என் முகத்தை நோக்கித் திரும்பியிருந்தால் எதைக் கண்டிருக்கும் என்று எண்ணிக் கூசுகிறேன்.

துணைவியார் கண்ணை மூடியதற்கு அலிப்பியஸின் காரணம் இல்லை. வீடு சேர்ந்தபின் சொன்னார். என் மாமனார் உயர்ந்த கட்டடங்களின் புறச்சுவருக்கு வண்ணம் பூசியவர். கயிற்றில் தொங்கும் பலகையே அவர் மேடை. ஒருநாள் கயிறு நழுவியது. நான்காம் மாடியிலிருந்து மூன்றாம் மாடித் தட்டின்மேல் விழுந்ததால் உயிர் தப்பினார். கால் மட்டும் கோணியே நின்றுவிட்டது. இது எனக்கு முன்பே தெரியும். தெரியாதது இது: எட்டு வயதில் தந்தைக்குச் சோறு கொண்டுபோன துணைவியார், கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், அவர் இறங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாராம்.

"அங்கே வேறு யாருமே மேலே பார்க்கமாட்டார்கள்," என்றார்.

அப்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. கயிறு கட்டியிருந்தால், அவ்வளவு கைதட்டியிருக்கமாட்டேன். மறுநாள் காலை காப்பி கலந்துகொண்டிருந்தவரிடம் அதை ஒப்புக்கொண்டேன். "தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆண்டு அதே குழு வேறொரு காட்சியோடு வந்தது. சீட்டு வாங்கட்டுமா என்று தயங்கியே கேட்டேன்.

"வாங்குங்கள். ஆனால் நான் கண்ணை மூடும்போது நீங்களும் மூடவேண்டும்," என்றார்.

வாங்கினேன்.