தோட்டாக் கணக்கு

பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டிய மனுவை சிங்கப்பெருமாள் கோவில் தபால் ஆபீசில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா திண்ணையில் இருந்தார். "இன்னா எழுதிப் போட்டே?" என்றார். சொன்னேன். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் எத்தனை ரவுண்டு சுட்டது, சுடச் சொல்லி எழுத்தில் உத்தரவு இருந்ததா, இருந்தால் அதன் நகல், அன்றைக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் எடுத்துப் போனதற்கும் திரும்பக் கொண்டுவந்து வைத்ததற்குமான பதிவேட்டுப் பக்கத்தின் நகல். அவ்வளவுதான் கேட்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "செத்தது ரெண்டு பேருன்னு ஒலகத்துக்கே தெரியும். எத்தினி குண்டுன்னு தெரிஞ்சிக்கினு இன்னாடா பண்ணப் போற?" என்றார்.

அன்றைக்கு அவர் அங்கே இருந்தவர். நான் இல்லை. அதனால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை.

காரணையைப் பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் பேரில் 1892இல் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பது வரலாறு. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். எழுதிக் கொடுத்த நிலம் எப்படி எப்படியோ கைமாறிப் போனது. நூறு வருஷம் கழித்து காரணையில் அதைத் திருப்பிக் கேட்டார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து செங்கல்பட்டில் கூடியவர்கள் மீதுதான் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறினால் பரனூர், அதற்கடுத்து செங்கல்பட்டு. நமக்கு அது அவ்வளவு பக்கத்து ஊர்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். ஒரு போல்ட் குறைந்தாலும் அன்றைக்குள் கணக்குச் சொல்லியாக வேண்டும். போலீசின் ஆயுதக் கிடங்கிலும் இதே முறைதான். கையெழுத்துப் போட்டுத் தோட்டா வாங்குகிறார்கள். சுடாததைத் திருப்பித் தருகிறார்கள். சுட்டதற்குக் காலிக் கூட்டைப் பொறுக்கி வந்து கணக்குக் காட்டுகிறார்கள். ஒன்று குறைந்தால் அந்தக் காவலர் பதில் சொல்லியாக வேண்டும். ஆக, கணக்கே இல்லை என்பது பிரச்னையில்லை. கணக்கு இருக்கிறது. அது யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதுதான் பிரச்னை. தோட்டா குறைந்தால் மேலதிகாரிக்குப் பதில் உண்டு. அந்தத் தோட்டா போய்ச் சேர்ந்த உடம்பின் சொந்தக்காரர்களுக்குப் பதில் இல்லை.

இது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற வழக்கம். 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலாபாக்கில் ஜெனரல் டயரின் ஆட்கள் சுட்டது 1650 ரவுண்டு. டயரே விசாரணையில் சொன்ன கணக்கு இது. செத்தவர்களை அரசு எண்ணத் தொடங்கியதோ மாதங்கள் கழித்து. 379 என்று அரசு சொன்னது, அதை இன்றுவரை யாரும் முழுசாக நம்பவில்லை. குண்டின் கணக்கில் சந்தேகமில்லை, மனுஷக் கணக்கில்தான் எல்லாச் சந்தேகமும்.

ஆயுதச் சட்டம் 1959, லைசென்ஸ் இல்லாமல் நீ துப்பாக்கி வைத்துக்கொள்ளாதே என்கிறது. சரி, வைத்துக்கொள்ளவில்லை. எனக்காகவும் சேர்த்து நீ வைத்துக்கொள். ஆனால் என் பேரைச் சொல்லி வைத்திருக்கிற பொருளுக்கு என்னிடம் கணக்குச் சொல்ல மாட்டேன் என்றால் அது எந்த ஊர் நியாயம்? கோவில் பணத்தைத் தர்மகர்த்தா வைத்திருக்கலாம், கணக்கைக் கேட்டால் அடிக்க வரக்கூடாது. 1994 டிசம்பரில், செங்கல்பட்டுச் சூடு நடந்து இரண்டு மாசம்கூட ஆகாத சமயம், ராஜஸ்தானில் கோட்கிரானா என்ற கிராமத்தில் கூலிக்காரர்கள் கூடி, வேலை செய்யாதவன் பேரெல்லாம் மஸ்டர் ரோலில் எப்படி வந்தது என்று உரக்கப் படித்துக் காட்டிக் கேட்டார்கள். அங்கிருந்து கிளம்பிய கேள்விதான் 2005இல் தகவல் பெறும் உரிமைச் சட்டமாக வந்தது. கூலிக் கணக்கைக் கேட்கிற உரிமைக்கும் குண்டுக் கணக்கைக் கேட்கிற உரிமைக்கும் தராதரத்தில் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிரிவு 6இன் இரண்டாவது உட்பிரிவு. தகவல் கேட்கிறவனிடம் ஏன் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது. தொடர்பு கொள்ளத் தேவையானது தவிர வேறு சொந்த விவரம் எதுவும் கேட்கக் கூடாது. "நீ யார்ரா கேக்க?" என்ற சொல்லைக் காலகாலமாகக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் பதில் அனுப்ப முகவரி வேண்டுமே. முகவரியில் 'காலனி' என்று எழுதியாக வேண்டும். எழுதினதும், சட்டம் எதைக் கேட்கக்கூடாது என்றதோ அது கேட்காமலே தெரிந்துவிடுகிறது. மனு போய் இரண்டு வாரத்தில் ஒருவர் தெருவில் வந்து, யாருப்பா இவரு, எந்தக் கட்சி, என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுப் போனார். எந்த ஆபீசிலிருந்து வந்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. தகவல் வருவதற்கு முன்னால் என்னைப் பற்றிய தகவலைச் சேகரித்துவிட்டார்கள்.

பதில் வந்தது. இரண்டு வரி. ஒன்று, கேட்டவை பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை, தர இயலாது. இரண்டு, பழைய மாவட்டத்தின் ஆவணங்கள் இவ்வலுவலகத்தில் கைவசம் இல்லை. பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பானையும் இல்லையாம், அதுல இருக்கிற கஞ்சியும் ஊத்த மாட்டானாமா?" என்றார். நான் மேல்முறையீட்டில் இரண்டு பக்கம் எழுதினதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மாவட்டம் மாறியது உண்மைதான். 1994இல் இது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம். மூன்று பேர் மாறியதில் கட்டு எங்கே போனதோ. ஆனால் தன்னிடம் இல்லாவிட்டால் வைத்திருக்கிற அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மனுவை மாற்றி அனுப்பு என்று அதே பிரிவு 6 சொல்கிறது. அழித்துவிட்டோம் என்றால், அழித்ததற்கு ஒரு பதிவு இருக்க வேண்டும். அதைக் கொடு. பிரிவு 8 இன்னொன்றும் சொல்கிறது. நடந்து இருபது வருஷம் ஆன விஷயமென்றால் மூன்று விலக்குகள் போக மற்றவற்றைக் காட்டி மறுக்க முடியாது. 2014 அக்டோபரிலேயே இருபது வருஷம் முடிந்துவிட்டது. மிஞ்சிய மூன்றில் ஒன்றுதான் நாட்டின் பாதுகாப்பு. அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

எல்லா ரகசியமும் பொய் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு எந்தக் கிடங்கில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது, எந்த வாசலில் எத்தனை பேர் காவல் என்று நான் கேட்டால் தர வேண்டாம். அதை வைத்துக்கொண்டு ஒருவன் கெடுதல் செய்ய முடியும், காவலுக்கு நிற்கிற ஏழை வீட்டுப் பிள்ளை சாகக்கூடும். அந்தப் பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் உண்டு. ஆனால் 1994இல் சுட்டுத் தீர்ந்த தோட்டா இனி யாரைக் காப்பாற்றும்? அந்த எண்ணிக்கை வெளியே வந்தால் நாட்டின் எல்லை எந்தப் பக்கம் நகரும்? அந்த ரகசியம் நாட்டைக் காக்கவில்லை, சுடச் சொன்னவரைக் காக்கிறது.

விசாரணைக் கமிஷன் இருக்கிறதே என்பார்கள். 2011 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் 6 பேர். கமிஷன் வந்தது, சூட்டை நியாயம் என்றது. 2018 மே 22, 23இல் தூத்துக்குடியில் 13 பேர். அருணா ஜெகதீசன் கமிஷன் வேறு மாதிரி, ஓடுகிற கூட்டத்தைச் சுட்டார்கள் என்று எழுதியது. 2022 மே மாதம் அறிக்கை முதல்வர் கைக்குப் போனது, சட்டசபையில் வைத்தது அக்டோபரில். நல்ல கமிஷன், கெட்ட கமிஷன் என்பதல்ல என் பேச்சு. கமிஷன் என்பது அரசு தனக்குத் தோன்றும்போது போடுவது, தனக்குத் தோன்றும்போது வெளியிடுவது. பத்து ரூபாய் மனு என்பது எனக்குத் தோன்றும்போது நான் கேட்பது. அந்த இடம் மாறுவதுதான் எனக்கு முக்கியம்.

என் நண்பர் ஒருவர் வேறு வழி சொன்னார். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, மூன்றாவது விதியைப் படி என்றார். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியில், தேவையென்று கண்டால், சாதி இந்துக்களின் துப்பாக்கி லைசென்சை ரத்து செய்து ஆயுதத்தை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கலாம். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தற்காப்புக்கு லைசென்ஸ் தரலாம். இரண்டும் விதியிலேயே இருக்கிறது. "கணக்கு கேக்காத, துப்பாக்கியக் கேளு" என்றார். வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் துப்பாக்கியோடு வந்தவர்கள் யார், குடிசைக்குள் எரிந்துபோன 44 பேர் யார் என்று நினைக்கும்போது அவர் பேச்சைச் சும்மா ஒதுக்க முடியவில்லை. இருந்தாலும் எனக்குத் துப்பாக்கி வேண்டாம். என் பிள்ளை விளையாடுகிற வீட்டில் அது இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த விதியின்படி எத்தனை லைசென்ஸ் ரத்தானது, எத்தனை நமக்குத் தரப்பட்டது, வருஷவாரியாகச் சொல் என்று இன்னொரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்வது நானாக இருக்க வேண்டும், இல்லை என்று சொல்வது ஆபீசாக இருக்கக் கூடாது.

பெரியப்பா கேட்டதற்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. எண்ணிக்கை தெரிந்தால் ஜான் தாமஸும் ஏழுமலையும் வரப்போவதில்லை. காரணை நிலமும் கைக்கு வராது. ஆனால் ரெண்டு ரவுண்டு சுட்டு ரெண்டு பேர் செத்தார்களா, இருபது சுட்டு ரெண்டு பேர் செத்தார்களா என்பது வேறு வேறு கதை. முதலாவதில் குறி வைத்திருக்கிறார்கள். இரண்டாவதில், பக்கத்தில் சைக்கிளோடு நின்ற பெரியப்பாவையும் சேர்த்துத்தான் சுட்டிருக்கிறார்கள். தன்னைச் சுட்டார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு மனுஷனுக்கு உரிமை உண்டில்லையா?

மேல்முறையீட்டை எழுதி முடித்து அவருக்கு இதைத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப ஒண்ணு சேத்துக்க. சைக்கிள அங்கியே போட்டுட்டு ஓடினேன். மறுநாளு போயி பாத்தா இல்ல. புடிச்ச சாமான எழுதி வெப்பாங்க இல்ல, அதுல கீதான்னு கேளு" என்றார்.

மேல்முறையீட்டில் புதுக் கேள்வி சேர்க்க முடியாது, அதுக்குத் தனி மனு போடணும், தனியா பத்து ரூபாய் ஆகும் என்றேன். இடுப்பு மடிப்பை அவிழ்த்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். "ஹெர்குலிஸ் சைக்கிளு, பின்னாடி கேரியர் ஒடஞ்சிருக்கும், எழுதிக்க" என்றார்.